ஆறு மாதத்தில் ஜெர்மன்: ஸ்டுட்கார்ட் போகும் கோத்தகிரித் தங்கைக்கு

கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். ஸ்டுட்கார்ட்டில் நீர்வளப் பொறியியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, அக்டோபரில் வகுப்பு. பாடம் முழுக்க ஆங்கிலம் என்பதால் ஜெர்மன் தேவையே இல்லை என்கிறார்கள் சீனியர்கள். மொழி தெரியாத ஊரில் பிள்ளை எப்படி இருக்கப்போகிறாள் என்று அப்பா தூக்கமில்லாமல் கிடக்கிறார். வீட்டில் படுகு, பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள். "கையில் ஆறு மாதம் இருக்கிறது அக்கா. ஜெர்மன் படிக்கணுமா? எங்கிருந்து தொடங்குவது? அங்கே போய் எப்படிப் பழகுவது?" இதுதான் கேள்வி.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். இது ஜெர்மனில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் 2009-ல் இதே ஊருக்குத்தான் போனேன், ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படிக்க. நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது குன்னூரில் சிறு தேயிலை விவசாயிகளோடு வேலை செய்கிறேன். வெளிநாடு போகத் தயாராகும் பிள்ளைகளுக்கு மாலையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன்.

உன் சீனியர்கள் சொல்வதில் பாதி நிஜம். ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமலே பட்டம் வாங்கிவிடலாம்; வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பட்டம் கட்டடத்துக்குள் கிடைக்கிற விஷயம். வெளியே வந்தால் வாடகை ஒப்பந்தம், குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் செய்ய வேண்டிய முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீட்டுக் கடிதங்கள், டாக்டரைப் பார்க்கும் முன் வரவேற்பில் இருக்கும் அம்மா கேட்கும் கேள்விகள், எல்லாம் ஜெர்மனில்தான் வரும். உன் துறையை எடுத்துக்கொள்: குடிநீர், கழிவுநீர், ஆறு. அங்கே இந்த வேலை நகராட்சி நிறுவனங்களிடமும் சின்னச் சின்னப் பொறியியல் அலுவலகங்களிடமும் இருக்கிறது. அவர்கள் கூட்டம் போட்டுப் பேசுவது ஜெர்மனில். படித்து முடித்துவிட்டு மொழியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்த என் தோழர்கள் சிலர், ஆய்வறிக்கை கழுத்தை நெரிக்கும் மாதங்களில் ஆரம்பப் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதனால் படி. இன்றைக்கே தொடங்கு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. நம் பிள்ளைகள் ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகவே படிக்கிறார்கள். புத்தகத்தில் விளக்கம் ஆங்கிலம், வகுப்பில் விளக்கம் ஆங்கிலம். இரண்டும் அக்கா தங்கை மொழிகள், அதனால் அதுதான் சுலபமான வழி என்று தோன்றும். சொற்களைப் பொறுத்தவரை அது சரி. வாக்கியம் என்று வந்துவிட்டால் பல இடங்களில் தமிழும் படுகும்தான் உனக்குப் பக்கம். சொல்லுக்கு ஆங்கிலத்தைப் பிடி, வாக்கியத்துக்குத் தமிழைப் பிடி. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததில் நான் கண்ட சூட்சுமம் இதுதான்.

முதலில் சொல். தமிழில் பால், உன் வீட்டில் ஹாலு. பத்து என்பது ஹத்து, பெண் என்பது ஹெண்ணு. தமிழில் ப என்று தொடங்கும் சொல் படுகில் ஹ என்று தொடங்கும் என்பதை யாரும் உனக்குப் பாடமாக எடுத்ததில்லை. சின்ன வயதில் நீயே பிடித்துக்கொண்டாய். இதே மாதிரி ஒரு மாற்றம் ஆயிரம் வருஷத்துக்கும் முன்பு ஜெர்மனில் நடந்து, ஆங்கிலத்திலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு போனது. ஆங்கிலத்தில் ட என்று தொடங்குவது ஜெர்மனில் ட்ஸ ஆகும்: டென் என்பது ட்ஸேன், டூ என்பது ட்ஸ்வை, டங் என்கிற நாக்கு ட்ஸுங்கெ. அதே ட சொல்லின் நடுவிலும் கடைசியிலும் ஸ ஆகிவிடும்: வாட்டர் என்பது வஸ்ஸர், ஈட் என்பது எஸ்ஸென். ப என்பது ப்ஃப அல்லது ஃப ஆகும்: ஆப்பிள் அப்ஃபெல், பெப்பர் ப்ஃபெஃபர், ஷிப் ஷிஃப். இந்தச் சாவி கையில் இருந்தால் புதுச் சொல் பாதிக்குப் பாதி பழைய சொல்லாகவே வந்து நிற்கும். ஒரு மொழியைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்கிற பழக்கம் உனக்கு ரத்தத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வரும் என் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆகும். படுகு பேசும் பிள்ளைகளுக்கு ஒரு மாலை போதும்.

அடுத்தது வாக்கியம். "எனக்குக் குளிருது" என்கிறோம். குளிரை அனுபவிக்கிற ஆள் தமிழில் நான்காம் வேற்றுமையில் வருவார். ஜெர்மன்காரரும் "மீர் இஸ்ட் கல்ட்" என்கிறார். மீர் என்றால் எனக்கு. ஆங்கிலம் வழியாக யோசித்து "இஹ் பின் கல்ட்" என்று சொன்னால், நெஞ்சில் ஈரமில்லாத ஆள் நான் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். "எனக்குத் தலை வலிக்குது" என்பது "மீர் டூட் டேர் கொப்ஃப் வே". "எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு" என்பது "மீர் கெஃபெல்ட் டீ ஷ்டட்". ஆங்கிலேயர் இந்த வாக்கியங்களோடு மல்லுக்கட்டுவார்கள். உனக்கு அவை வீட்டுப் பேச்சு.

வினையின் இடமும் அப்படித்தான். "நான் நேத்து சந்தையில உருளைக்கிழங்கு வாங்கினேன்" என்பதை ஜெர்மனில் பார்: "இஹ் ஹாபெ கெஸ்டெர்ன் அவுஃப் டேம் மார்க்ட் கார்டோஃபெல்ன் கெகௌஃப்ட்." நான், நேற்று, சந்தையில், உருளைக்கிழங்கு, வாங்கின. இரண்டாவது இடத்தில் ஹாபெ என்ற துணைவினை ஒன்று உட்கார்ந்திருக்கிறதே தவிர, மற்றதெல்லாம் நம் வரிசை. "நான் நாளைக்கு ஊட்டிக்குப் போறதால" என்பதற்கு "வைல் இஹ் மோர்கென் நாஹ் ஊட்டி ஃபாரெ" என்பார்கள். ஃபாரெ என்கிற போகிற வினை கடைசியில். வாக்கியம் முடியும்வரை வினைக்குக் காத்திருப்பது மற்ற நாட்டு மாணவர்களுக்குப் பெரிய அவஸ்தை. நாம் பிறந்ததிலிருந்து காத்திருக்கிறோம். ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும்: சாதாரண நேர் வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில்தான் நிற்கும், அதை மட்டும் தனியாகப் பழகவேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குப் போனதும் இன்னொன்று உனக்குக் கைகொடுக்கும். ஜெர்மன் அறிக்கைகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் பெயருக்கு முன்னால் நீளமாக அடைமொழி தொடுப்பார்கள். "டீ அவுஃப் டேம் டிஷ் லீகெண்டெ ட்ஸைடுங்" என்றால் "மேசை மேல் கிடக்கிற பேப்பர்". இது நம் பெயரெச்சமேதான். ஆங்கிலத்தில் இதைத் திருப்பிப் போட்டு, பேப்பர், அது மேசை மேல் கிடக்கிறது என்று சொல்லியாகவேண்டும். ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் இந்த மாதிரி வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பிரித்துப் பார்க்கிறார்கள். நீ முன்னாலிருந்தே படித்துக்கொண்டு போகலாம். எனக்கு இது முதலில் புரிந்த நாள் நினைவிருக்கிறது. மண் அரிப்பு பற்றிய ஒரு அறிக்கையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் தவித்தபிறகு, ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிப் பார்த்தேன். வரிசை மாறாமல் அப்படியே வந்து விழுந்தது. அழுதேவிட்டேன்.

தமிழ் உதவாத இடம் எது என்றால், பால். ஒவ்வொரு பெயருக்கும் டேர், டீ, டஸ் என்று ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் உண்டு. கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. சூரியன் பெண், நிலா ஆண். மேட்ஷென் என்கிற சிறுமி ஒன்றன்பால்! உயர்திணை, அஃறிணை என்று அறிவோடு பிரித்துப் பழகிய நமக்கு இது ஒப்பாது. காரணம் தேடாதே. சொல்லை மனப்பாடம் செய்யும்போதே டேர், டீ, டஸ் சேர்த்து ஒரே சொல்லாக வாயில் போட்டுக்கொள். உங், ஹைட், கைட், ஷஃப்ட் என்று முடிந்தால் பெண்பால். ஷென், லைன் என்று முடிந்தால் ஒன்றன்பால். இவ்வளவு விதி ஆரம்பத்துக்குப் போதும்.

ஒலியில் குறில் நெடில் நமக்கு வரம். ஒஃபென் என்றால் திறந்திருக்கிறது, ஓஃபென் என்றால் அடுப்பு. இந்த வித்தியாசத்தைக் காதில் வாங்க மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது. நமக்குக் கஷ்டம் ப, ட, க வரிசை. பக்கென் என்று தமிழில் எழுதினால் மூட்டை கட்டுவதும் அதுதான், ரொட்டி சுடுவதும் அதுதான். எழுத்து ஒன்றாக இருப்பதால் வாயும் ஒன்றாகச் சொல்லிவிடும். முதல் மாதமே கண்ணாடி முன் நின்று இந்த ஜோடிச் சொற்களைப் பழகு. தலையில் இரண்டு புள்ளி வைத்த யு என்ற எழுத்துக்கு ஒரு வழி: நாக்கு ஈ சொல்கிற இடத்தில் இருக்கட்டும், உதடு ஊ சொல்கிற மாதிரி குவியட்டும். வந்துவிடும்.

இவ்வளவும் நீ கோத்தகிரியில் உட்கார்ந்தே செய்யலாம். அட்டவணை என்று பெரிதாக வேண்டாம். ஐரோப்பிய மொழித் தேர்ச்சிப் படிகள் ஏ1-லிருந்து சி2 வரை ஆறு. தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் ஏ2 முடித்துக்கொண்டு விமானம் ஏறலாம். வாரம் இருமுறை கோவைக்கு இறங்கி ஏறுவது உடம்பைக் கொல்லும். இணைய வகுப்பு போதும், ஆனால் பேச ஆள் இருக்கிற வகுப்பாகப் பார்த்துச் சேர். கைபேசிச் செயலியில் விளையாடிக்கொண்டே கற்றுவிடலாம் என்று நம்பாதே. அது சொல் சேர்க்கும், வாயைத் திறக்க வைக்காது. அங்கே போனதும் முதல் வாரமே பல்கலைக்கழக மொழி மையத்தில் அடுத்த படிக்குப் பெயர் கொடு. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

பழகுவது பற்றிக் கேட்டாயே. அதற்கு நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஸ்டுட்கார்ட்டில் நான் குடியிருந்தது நாலு மாடிப் பழைய வீடு. போன மூன்றாவது வாரம் என் கதவுக் கைப்பிடியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கியது. கேர்வொஹெ என்று எழுதியிருந்தது. ஏதோ விளம்பரம் என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து எதிர்வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டி, மூச்சுவிடாமல் பேசினார். நான் ஏ2 முடித்துவிட்டுப் போனவள். ஒரு சொல் புரியவில்லை. அவர் பேசியது ஷ்வேபிஷ், அந்தப் பகுதியின் வட்டார வழக்கு. முகம் மட்டும் நன்றாகப் புரிந்தது. மறுநாள் வகுப்புத் தோழி ஒருத்தி விளக்கினாள். கேர்வொஹெ என்றால் கூட்டும் வாரம். அந்த வாரம் அந்த வீட்டு மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டியது பலகை தொங்கும் வீட்டுக்காரரின் முறை. முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டவேண்டும். நான் பலகையையே ஒளித்துவைத்ததால் மொத்த வீட்டின் முறையும் நின்றுபோயிருக்கிறது. வூர்ட்டெம்பெர்க் நாட்டில் இந்த வழக்கம் 15-ஆம் நூற்றாண்டு நகர ஆணைகள் வரை போகிறது என்பார்கள். நான் தெரியாமல் கைவைத்தது அவ்வளவு பழைய விஷயத்தில்.

அன்று சாயங்காலம் துடைப்பமும் வாளியுமாக நாலு மாடியையும் கூட்டித் துடைத்தேன். என் பங்கு ஒரு மாடிதான், அது எனக்குத் தெரியாது. முடிக்கும்போது பாட்டி கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே போய் ஒரு தட்டில் வெங்காயமும் சூடான சூப்புச் சாறும் ஊற்றிப் பிசைந்த உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்து கொடுத்தார். அதன்பிறகு வாரா வாரம் அவருக்கு மினரல் வாட்டர் பெட்டியைக் கீழேயிருந்து நாலாவது மாடிக்குத் தூக்கிக் கொடுத்தேன். பன்னிரண்டு கண்ணாடி பாட்டில். கொழுந்து மூட்டை தூக்கிய தோளுக்கு அது கனமில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் அரைமணி நேரம் அவர் சமையலறையில் உட்காரவைத்துப் பேசினார். என் ஜெர்மன் அங்கேதான் ஜெர்மன் ஆனது. வகுப்பில் நான் தப்பாகச் சொன்னால் திருத்துவார்கள். பாட்டிக்கோ நான் சொல்வது புரிந்தாகவேண்டும், இல்லையென்றால் தப்பான பாட்டில் வந்து சேரும். நம்மால் ஒருவருக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிற இடத்தில் மொழி வேகமாக வருகிறது.

இதை எனக்கு முன்பே என் அப்பாயி வாழ்ந்து காட்டியிருக்கிறார். அவர் இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒருவராக 1970-களில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்தார். படுகர் வீட்டுத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போனார். முதலில் கற்றுக்கொண்ட படுகுச் சொற்கள் எடை, கூலி, மழை, பால். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டு அம்மா தன் மருமகளைப் பற்றி அப்பாயியிடம் குறை சொல்லும் அளவுக்கு மொழி வந்துவிட்டது. புத்தகம் இல்லை, தேர்வு இல்லை. ஒருவர் வீட்டுக் குறையைக் காது கொடுத்துக் கேட்கிற அளவுக்கு மொழி வந்ததை எந்தச் சான்றிதழ் அளக்கும்? உன் அப்பாவையும் கேட்டுப் பார். தோட்டத்து ஆட்களிடம் தமிழ், கூடலூர் வியாபாரியிடம் மலையாளம், ஃபேக்டரியில் ஆங்கிலச் சொற்கள் என்று அவரும் இப்படித்தான் கற்றிருப்பார். அதை அவர் எடுத்துச் சொல்லக் கேட்டால் உனக்கும் தைரியம் வரும், அவருக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்.

எதிர்த்திசையிலிருந்து நம் பக்கம் வந்தவர்களும் இருக்கிறார்கள். நீ போகிற ஸ்டுட்கார்ட்டில் 1814-ல் பிறந்தவர் ஹெர்மன் குண்டர்ட். தலச்சேரியில் இருந்து மலையாளம் கற்று இலக்கணமும், 1872-ல் பெரிய அகராதியும் கொடுத்தார். அவர் சேர்ந்திருந்த பாசெல் மிஷனின் ஆட்கள் நம் கேத்தியிலும் இருந்தார்கள். அவர்களில் மெட்ஸ் என்பவர் ஹட்டி ஹட்டியாகக் கால்நடையாகப் போய்ப் படுகில் பேசினார். அந்த மிஷன் வழியாக லூக்கா நற்செய்தி 1890-ல் படுகில் அச்சானது. அவர்கள் வந்த நோக்கம் வேறு, அதைப் பற்றி நமக்கு நம் கருத்து இருக்கலாம். கற்ற விதத்தை மட்டும் பார். எமனோ என்ற கனடாக்காரர் 1935-ல் ஊட்டிக்கு வந்து தொதவம், கோத்தம், படுகு என்ற நம் மலை மொழிகள் மூன்றையும் ஆராய்ந்தார். கோத்தர் கதைகளை அவர் எழுதிக்கொண்டது சுள்ளி என்ற கோத்தர் ஆசிரியர் வாயால் சொல்லச் சொல்ல. அவ்வளவு பெரிய மொழியறிஞருக்கும் எதிரே உட்கார்ந்து பொறுமையாகச் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. உனக்கும் ஒரு சுள்ளியோ ஒரு பாட்டியோ கிடைக்கவேண்டும். தேடிப் போ. ஷ்வேபிஷெர் அல்ப்ஃபெரைன் என்று 1888-லிருந்து இருக்கிற மலைநடைச் சங்கம் ஒன்று உண்டு. வாரக்கடைசியில் சேர்ந்து நடப்பார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். மலைக்காரி நீ, நடப்பதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்தில் நடந்துகொண்டே பேசும்போது முகம் பார்க்கவேண்டியதில்லை, அவசரமில்லை, தயக்கம் குறையும். ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலெ என்ற மாலைப் பள்ளிகளும் உண்டு; அங்கே மொழி வகுப்பை விட மண்பாண்ட வகுப்பிலோ பாட்டு வகுப்பிலோ சேர்ந்தால் நல்லது என்பேன்.

அவர்கள் உன் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். உதவி செய்வதாக நினைத்துத்தான். "இஹ் லெர்னெ நொஹ், பிட்டெ அவுஃப் டாய்ச்" என்று சொல். இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து ஜெர்மனில் பேசுங்கள் என்று பொருள். பெரும்பாலும் சந்தோஷமாகத் திரும்பி வருவார்கள்.

இனி நீ, நீங்கள். ஜெர்மனில் டூ என்பது நீ, ஸீ என்பது நீங்கள். நம்மைப் போலத்தானே என்று ஏமாந்துவிடாதே. இங்கே வயதில் மூத்தவர் இளையவரைக் கேட்காமலே நீ என்பார், இளையவர் பதிலுக்கு நீங்கள் என்பார். அங்கே பெரியவர்களுக்குள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்: இருவரும் ஸீ, அல்லது இருவரும் டூ. எழுபது வயதுப் பேராசிரியர் இருபத்திரண்டு வயது உன்னை ஸீ என்பார். டூ என்று மாறுவதை மூத்தவர்தான் முன்மொழிவார், அது ஒரு சின்னச் சடங்கு. பாட்டி எனக்கு டூ கொடுக்க ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆனது. அன்று எனக்கு உள்ளுக்குள் ஏற்பட்ட நிறைவை, இங்கே யாராவது முதன்முறை அக்கா என்று கூப்பிடும்போதுதான் உணர்கிறேன். மாணவர்களுக்குள் முதல் நாளிலிருந்தே டூதான்.

நம் தலையாட்டல் அங்கே தொந்தரவு செய்யும். ஆய்வகத்தில் ஒரு கருவியை விளக்கியபோது மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். விளக்கியவர் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துப் போய்விட்டார். மாலையில் மாதிரிகள் வீணாயின. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு "புரியவில்லை" என்பது நாக்கில் வராது. "டஸ் ஹாபெ இஹ் நிஹ்ட் ஃபெர்ஷ்டாண்டென்" என்ற ஒரு வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிற மாதிரி பழகிக்கொள். அவர்களுக்கு அது அவமரியாதை இல்லை. அதேபோல உன் வேலையில் குறை கண்டால் நேராகச் சொல்வார்கள்; முன்னும் பின்னும் இனிப்புத் தடவமாட்டார்கள். முதல் செமஸ்டரில் அது சுருக்கென்று தைக்கும். வேலையைத்தான் சொல்கிறார்கள், உன்னைச் சொல்லவில்லை என்று புரிய எனக்கு வெகு நாள் ஆனது. மதிப்பெண்ணும் தலைகீழ்: 1.0 முதலிடம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடு. விரிவுரை முடிந்ததும் கைதட்டமாட்டார்கள், விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்ற இரண்டெழுத்து இருந்தால் வகுப்பு கால்மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, சனிக்கிழமையே அரிசி வாங்கி வை. ஞாயிறு சுவரில் ஆணி அடித்தாலும் அக்கம்பக்கம் வந்துவிடும்.

தபாலில் வரும் எந்தக் கடிதத்தையும் தூக்கிப் போடாதே. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டு வரும் கடிதம் விளம்பரம் மாதிரிதான் இருக்கும். பெட்டி இல்லாத வீட்டுக்கும் உண்டு. ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும்.

பணக் கணக்கு உனக்குத் தெரிந்திருக்கும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விசாவுக்கு முடக்குக் கணக்கில் (போட்ட பணத்தை மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்கமுடிகிற வங்கிக் கணக்கு) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டவேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த தொகை. ஸ்டுட்கார்ட் இருக்கிற பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம், 2017-லிருந்து. வேலை பார்க்க வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. நான் போனபோது 90 நாள்தான். கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை கூடக் காசு கொடுக்கலாம், ஆனால் முதல் வருஷம் பேக்கரியோ காபிக்கடையோ எடு. காலை ஆறு மணிக்கு ரொட்டி வாங்க வருகிறவர் ஆங்கிலத்துக்குத் தாவமாட்டார்.

குளிரைப் பற்றி ஊட்டிக்காரர்கள் யாரும் கவலைப்படுவதில்லை. ஜனவரி உறைபனி பார்த்தவர்கள் நாம். நானும் அப்படித்தான் தைரியமாகப் போனேன். என்னைச் சாய்த்தது இருட்டு. டிசம்பரில் காலை எட்டு மணிக்கு விடியும், நாலரைக்கு அடையும், நடுவிலும் சாம்பல் வானம். நம் மலையில் எவ்வளவு குளிர்ந்தாலும் மதியம் வெயில் வந்து முதுகில் உட்காரும். அங்கே அது வராது. நவம்பரிலேயே இதற்குத் தயாராகு: பகலில் கட்டாயம் ஒரு மணி நேரம் வெளியே நட. ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் சாப்பிடு. வீட்டுக்குப் பேசும்போது நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே. தாங்கமுடியாமல் போனால் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை உண்டு. போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் போயிருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஒருநாள் தமிழ்க் கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து போருக்குத் தப்பி வந்து நிலைத்த குடும்பம். கல்லாவில் இருந்த ஐயா உள்ளே பார்த்து, "பாண் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். ரொட்டிக்குப் பாண் என்ற சொல்லை அதற்கு முன் ஒரே ஒரு வாயில்தான் கேட்டிருந்தேன், அப்பாயி வாயில். கோத்தகிரி பேக்கரியில் போய் அப்பாயி பாண் என்று கேட்டால் கடைப்பையன் விழிப்பான். நாங்கள் பேரப்பிள்ளைகள் சிரிப்போம். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருக்கிற ஒன்று என்று நினைத்திருந்தேன். அது எனக்கு முன்பே ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்திருந்தது. அந்தக் கடைக்கு நாலு வருஷமும் போனேன். ஞாயிறு அவர்களோடு, திங்கள் முதல் சனி வரை பாட்டியோடும் பேக்கரியோடும் வகுப்போடும். இந்தப் பங்கீட்டை உனக்கும் சொல்வேன். தமிழர்களை விட்டு விலகிப் போகாதே, ஆறு பேர் சேர்ந்து ஒரே வீட்டில் தமிழிலேயே வாழ்ந்துவிட்டும் வராதே.

இன்னொன்று, ஊர் உனக்குப் பிடிக்கும். கிண்ணம் மாதிரிக் குழிக்குள் நகரம், சுற்றிலும் சரிவில் திராட்சைத் தோட்டம், ஏறி இறங்க 400-க்கு மேல் படிக்கட்டுப் பாதைகள். மரீன்பிளாட்ஸிலிருந்து டேகர்லோஹ் வரை பல்சக்கர ரயில் ஒன்று ஏறுகிறது, 1884-லிருந்து. நம் மேட்டுப்பாளையம் - குன்னூர் பல்சக்கரப் பாதை 1899. முதல் தடவை அதில் ஏறி, சக்கரப் பல் கடிக்கும் அந்தச் சத்தம் கேட்டபோது நம் பாதையில் இருக்கிற ஹில்குரோவ் ஸ்டேஷன் ஞாபகம் வந்து இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். வீட்டு ஞாபகம் அதிகமாகும் நாளில் அதில் ஏறிக்கொள்.

எண்களைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன், அதுதான் முதலில் தொடங்கவேண்டியது. இருபத்தைந்தை அவர்கள் ஐந்தும் இருபதும் என்று திருப்பிச் சொல்வார்கள்: ஃப்யுன்ஃப் உண்ட் ட்ஸ்வான்ட்ஸிஹ். காது 52 என்று எழுதிக்கொள்ளும். அறை எண், பேருந்து எண், விலை எல்லாவற்றிலும் முதல் மாதம் தடுமாறினேன். இதை உட்கார்ந்து படித்துப் பயனில்லை, கேட்டுக் கேட்டுத்தான் வரும். அடுத்த மாதம் நான் கோத்தகிரி வருகிறேன். மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மூட்டை எடை போடுகிற இடத்தில் காலையில் ஒரு மணி நேரம் நிற்போம். தராசுக்காரர் தமிழிலோ படுகிலோ எடையைச் சொல்லட்டும், அவர் அடுத்த மூட்டையைத் தூக்குவதற்குள் நீ ஜெர்மனில் சொல்லவேண்டும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.